கள்ளத் தெனாரியஸும் துளைக்காசும்: வாசகர் கேள்வி – பதில்

பழைய ரோமக் காசுகளில் போலிகளையும் துளையிட்டவற்றையும் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்திருக்கிறோம்.

காசு சேர்ப்பவர்கள் போலி என்றாலே ஒதுங்குவார்கள். போலியைத் தேடிப்போய் வாங்குகிறவர்களும் உண்டாமே? தொடங்குவதென்றால் எதில் தொடங்கலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

அந்தக் காலத்துப் போலி வேறு, போன மாதம் பட்டறையில் அடித்த போலி வேறு. ரோமச் சந்தையில் ரொட்டிக்கும் மதுவுக்கும் கைமாறிய கள்ளக்காசு இன்று தொல்பொருள். மற்றது வெறும் மோசடி. முதலாவதைச் சேர்ப்பது புதுப்பழக்கமும் அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோம எழுத்தாளர் மூத்த பிளினி, மாதிரிக்கு ஒரு கள்ள தெனாரியஸ் (ரோமரின் வெள்ளிக்காசு) வேண்டுமென்று பல நல்ல தெனாரியஸ்களைக் கொடுத்து வாங்குகிறார்களே என்று வியந்து எழுதியிருக்கிறார். இன்று விலை தலைகீழாகிவிட்டது. அதே வகை நல்ல வெள்ளிக்காசின் விலையில் சிறு பங்குக்கே, செம்பு தெரியும் போலி கிடைத்துவிடும்.

போலிகள் எல்லாமே ஏமாற்றப் பிறந்தவை அல்ல. கி.பி. 43இல் ரோமப் பேரரசர் கிளாடியஸ் பிரிட்டனைப் பிடித்தபின் அங்கே படைவீரர்கள் கையில் சில்லறை போதவில்லை. பின்பக்கம் மினர்வா தேவி நிற்கும் செம்பு 'அஸ்' காசை உள்ளூரிலேயே நகலெடுத்து அடித்தார்கள். அசல் 11 கிராம் அளவில் இருக்கும். நகல்களில் பாதி எடைக்கு இறங்கியவையும் உண்டு. தெரிந்தேதான் வாங்கிப் புழங்கினார்கள். இதே கதை கி.பி. 270களில் பெரிய அளவில் நடந்தது. காலியாவில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) தனி அரசு நடத்திய டெட்ரிகஸ் 274இல் ரோமப் பேரரசர் ஆரேலியனிடம் பணிந்தார். அதை ஒட்டிய ஆண்டுகளில் கதிர்முடி சூடிய அவருடைய தலையைக் கோணல்மாணலாக நகலெடுத்த காசுகள் காலியாவிலும் பிரிட்டனிலும் குவிந்தன. சில சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை. எழுத்துத் தெரியாதவன் வெட்டிய அச்சில் பெயர் வெறும் கோடுகளாக நிற்கும். குதிரைவீரன் சரிந்து விழும் நான்காம் நூற்றாண்டுக் காசுக்கும் இப்படிப்பட்ட நகல்கள் ஏராளம்.

கை பழக டெட்ரிகஸ் நகல்களை வாங்குங்கள். மொத்தமாக, மலிவாகக் கிடைக்கும். கண் பழக வேண்டுமென்றால் செம்பின்மேல் வெள்ளி போர்த்திய தெனாரியஸ்தான் நல்ல ஆசான். சேகரிப்பவர்கள் அதை 'ஃபூரே' என்பார்கள். ஏல அட்டவணைகளில் 'சபேரட்' என்றும் வரும், இரண்டும் ஒன்றே.

மின்முலாம் இல்லாத காலத்தில் செம்பின்மேல் வெள்ளியை எப்படி ஒட்டினார்கள்?
– வாசகி, திருச்சி

அது முலாம் அல்ல, போர்வை. தெனாரியஸைவிடச் சற்றே சிறியதாகச் செம்பு வில்லை ஒன்றைத் தட்டி எடுப்பார்கள். மெல்லிய வெள்ளித் தகட்டில் இரண்டு வட்டம் வெட்டுவார்கள், ஒன்று கொஞ்சம் பெரிதாக. பெரியதை வில்லைக்கு அடியில் வைத்து, ஓரத்தைக் கொழுக்கட்டை மாவு போல மேலே மடித்து, மேல்வட்டத்தோடு படிய அழுத்துவார்கள். பிறகு கரித்தணலில் சூடு.

நுட்பம் இந்தச் சூட்டில் இருக்கிறது. வெள்ளி தனியாக உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும், செம்புக்கு 1,085. ஆனால் நூற்றுக்கு 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் சேர்ந்த கலவை 779 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே தகடும் உள்செம்பும் கெட்டியாக இருக்கும்போதே, அவை ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய திரவப் படலம் ஊறும். ஆறினால் தனிப் பற்றாசு (சால்டர்) இல்லாமலே இரண்டும் பிடித்துக்கொள்ளும். அதன்பின் அச்சுகளுக்கு நடுவே வைத்து ஓங்கி ஓர் அடி.

தப்பு நடக்கும் இடங்களைத் தெரிந்துகொண்டால் இன்று கண்டுபிடிப்பது எளிது. சூடு குறைந்திருந்தால் தகடு பிடிக்காமல் ஏடு ஏடாக உரியும். சூடு ஏறியிருந்தால் வெள்ளி செம்புக்குள் கரைந்து, முகத்தில் செம்மை பாய்ந்த திட்டுகள் வரும். வில்லையில் அழுக்கு இருந்திருந்தால் கொப்புளம். அச்சு அடிக்கும்போது தகடு இழுபடுவதால் மூக்கு நுனி, முகவாய், எழுத்துகளின் மேல்விளிம்பு ஆகிய இடங்களில் முதலில் கிழியும். காசின் விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தால், மடித்த தகட்டின் ஓரம் மெல்லிய வரியாக ஓடுவது பலவற்றில் தெரியும்.

அச்சைச் சிலர் கையால் வெட்டினார்கள். சிலர் நல்ல காசு ஒன்றையே உலோகத்தில் அறைந்து அச்சாக்கினார்கள். இவற்றில் உருவம் அசலை உரித்துவைத்திருக்கும், கூர்மை மட்டும் ஒரு படி மழுங்கியிருக்கும். கிடைத்த அச்சுகளை எல்லாம் கலந்து பயன்படுத்தியதால் முன்பக்கம் ஒரு பேரரசர், பின்பக்கம் இன்னொருவருடைய பட்டங்கள் என்று பொருந்தாத ஜோடிகளும் உண்டு. அப்படி ஒன்று கையில் வந்தால் அபூர்வ வகை என்று குதிக்குமுன் விளிம்பைப் பாருங்கள்.

வார்ப்பு வேலை இதைவிடச் சுலபம். நல்ல தெனாரியஸைப் பச்சைக் களிமண் வட்டுகளுக்கு இடையே அழுத்திப் பதிவெடுத்து, காசை நீக்கி, வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கவாட்டில் வாய்க்கால் வெட்டி, சுட்டு, உருக்கிய மட்டக் கலவையை ஊற்றினார்கள். இத்தகைய களிமண் அச்சுகள் பிரிட்டனிலும் காலியாவிலும் அகழ்வுகளில் கிடைத்திருக்கின்றன. வார்த்த காசில் விளிம்பில் இணைப்புக் கோடு, உலோகம் ஊற்றிய வாயை வெட்டிய அடித்தழும்பு, ஊசிக்குத்துப் போன்ற காற்றுத் துளைகள், சோப்பு தேய்ந்தது போன்ற எழுத்து இருக்கும். டானியூப் எல்லைக் காவல் ஊர்களில் கிடைக்கும் 'லிமெஸ்' தெனாரியஸ்கள் இந்தக் குடும்பம்தான்.

டைபீரியஸ் தெனாரியஸ் ஒன்று வாங்கினேன். 18 மில்லிமீட்டர், 2.91 கிராம். செம்பு எங்கும் தெரியவில்லை. நகைக்கடை கேரட் மீட்டரில் வெள்ளி 96 சதவீதம் காட்டியது. நல்லதுதானே?
– வாசகர், ஈரோடு

எடை இடிக்கிறது. பேரரசர் டைபீரியஸ் காலத்து நல்ல தெனாரியஸ் 3.6 முதல் 3.8 கிராம் வரை இருக்க வேண்டும். நன்றாகத் தேய்ந்திருந்தால் 3.3க்கு இறங்கலாம். தேய்மானம் அதிகமில்லாத முகத்தோடு 2.91 என்றால் உள்ளே செம்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

கேரட் மீட்டரை இதற்கு நம்பாதீர்கள். அதன் எக்ஸ் கதிர் வெள்ளிக்குள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு ஆழத்துக்கே போய் வரும். போர்த்திய தகட்டை மட்டும் படித்துவிட்டு வெள்ளி என்று சொல்லும். உரைகல்லும் அப்படித்தான், தோலைத்தான் உரசும். காந்தம் இன்னும் வீண், செம்பும் ஒட்டாது வெள்ளியும் ஒட்டாது. அமிலச் சொட்டு வைத்துப் பார்க்கவே கூடாது.

அடர்த்தி பாருங்கள். 0.01 கிராம் காட்டும் சிறிய தராசு போதும், 0.001 காட்டினால் உத்தமம். முதலில் காசை உலர்வாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் முக்கால்வாசி வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊசிமுனை தொட்டு அதில் கலக்குங்கள். குமிழி ஒட்டாமல் இருக்க இது. குவளையைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். காசை ஒற்றை நைலான் இழையில் கட்டி, ஒரு தாங்கியில் தொங்கவிட்டு, முழுதும் மூழ்கும்படி இறக்குங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. கையில் பிடித்தால் நடுங்கி எண் ஆடும். இப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய நீரின் எடை. உலர் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

உங்கள் காசுக்கு 0.32 என்று வந்தால் 2.91ஐ 0.32ஆல் வகுக்க 9.1 கிடைக்கும். தராசு 0.01 முன்பின் தவறினாலும் விடை 8.8க்கும் 9.4க்கும் இடையில்தான் நிற்கும். சுத்த வெள்ளி 10.49, செம்பு 8.96. 3.75 கிராம் நல்ல காசானால் 0.36 அல்லது 0.37 காட்டி, 10.1க்கு மேல் நிற்கும். இரண்டும் குழம்பாது.

ஆனால் இந்தக் கணக்கைக் குடியரசுக் காலக் காசுகளோடும் முதல் நூற்றாண்டோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் அரசே தெனாரியஸில் ஏறக்குறைய பாதி செம்பு கலந்தது. பாதிக்குப் பாதி கலவையின் அடர்த்தி 9.7க்குச் சற்றுக் குறைவாக வரும். உள்ளே அரிப்பும் காற்றிடமும் இருந்தால் இன்னும் இறங்கி, நல்ல காசே கள்ளக்காசு போலத் தோன்றும். மூன்றாம் நூற்றாண்டுக் காசுக்கு விளிம்பும் எழுத்தும்தான் சாட்சி.

தகடு கிழிந்த காசைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். உள்ளே புகுந்த ஈரம் வெளியே வராது. தெரியாமல் இறக்கிவிட்டால் சுத்த அசிட்டோனில் பத்து நிமிடம் ஊறவைத்துக் காற்றில் ஆறவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி அசிட்டோன் ஆகாது, அதில் எண்ணெய் கலந்திருக்கும்.

ஆரேலியன் காசு ஒன்றை 'ஃபூரே' என்று சொல்லி விற்றார்கள். வெள்ளி உரிந்து உள்ளே பழுப்பாக இருக்கிறது. பின்பக்க அடியில் எக்ஸ்எக்ஸ்ஐ என்ற எழுத்துகள்.
– வாசகர், சிங்கப்பூர்

இல்லை. அது அரசுக் காசு. 274ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய ஆரேலியன் காசில் வெள்ளி 5 சதவீதம் அளவுதான். வெளியே மெல்லிய வெள்ளிப் பூச்சோடுதான் அரசின் காசு அடிக்கும் சாலையிலிருந்தே வந்தது. பூச்சு தேய்ந்தால் பழுப்பாவது இயல்பு. வேறுபாட்டை லென்ஸில் பார்க்கலாம். பூச்சு தேயும் இடத்தில் படிப்படியாக மங்கி மறையும். போர்வைத் தகடு உடையும் இடத்தில் கனம் தெரியும், படிக்கட்டு போல ஓர் இறக்கம் இருக்கும். ஃபூரே விலை கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

ரம்பப் பல் போல விளிம்பு வெட்டிய தெனாரியஸில் கள்ளம் செய்ய முடியாது என்கிறார்களே? என் காசுகளில் சின்னச் சின்னக் குத்துக்குறிகளும் இருக்கின்றன. சேதமா?
– வாசகர், மதுரை

பல் வெட்டியது கள்ளத்தைத் தடுக்க என்று பலர் சொல்வதுண்டு. தடுக்கவில்லை என்பதற்குச் சாட்சி, பல் வெட்டிய ஃபூரேக்களே ஏராளமாகக் கிடைப்பது. பல்லின் பள்ளத்துக்குள்ளும் வெள்ளி படிந்திருக்கும்படி செய்திருக்கிறார்கள். இருந்தும் ரைன் நதிக்கு அப்பால் இருந்த ஜெர்மானியர் பல் வெட்டிய பழங்காசையே விரும்பினார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார்.

குத்துக்குறிகள் சேதமல்ல, அன்றைய சோதனை முத்திரை. காசு மாற்றுபவர் தம் சிறு உளியால் தட்டி, உள்ளேயும் வெள்ளிதானா என்று பார்த்துத் தம் குறியை விட்டார். பிறை, நட்சத்திரம், எழுத்து என்று பல வடிவம் உண்டு. நம் சங்கப் புலவர் சிலர் பெயரோடு வரும் வண்ணக்கன் என்பதும் இந்தக் காசு நோட்டக்காரர்தான். ரோமர் காலத் தத்துவஞானி எபிக்டெட்டஸ் சொல்லும் வண்ணக்கர் பார்ப்பார், தொடுவார், முகர்வார், கடைசியில் காசைச் சுண்டிப் போட்டு ஓசையைக் கேட்பார். ஒரு தடவை கேட்டுத் திருப்தியடைய மாட்டார். செம்பு நிறைந்த காசின் ஓசை மந்தமாக இருக்கும். நீங்கள் அதைச் செய்துபார்க்காதீர்கள். மண்ணில் இரண்டாயிரம் ஆண்டு கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். மேசையில் விழுந்து இரண்டாகப் போன காசுகள் உண்டு.

ரோமில் இது அரசியலாகவே இருந்தது. கி.மு. 85இல் பிரேட்டராக (நீதி வழங்கும் உயர் அதிகாரி) இருந்த மாரியஸ் கிராடிடியானஸ் காசு பற்றிய ஆணை ஒன்றை வெளியிட்டார். மக்கள் தெருத்தெருவாக அவருக்குச் சிலை வைத்துச் சாம்பிராணி போட்டார்கள். சில ஆண்டுகளில் தளபதி சுல்லாவின் ஆட்கள் அவரைக் கொன்றது வேறு கதை.

தாத்தா பெட்டியில் துளையிட்ட ரோமக் காசு ஒன்று இருந்தது. துளை ரோமர் காலத்ததா, பின்னால் போட்டதா என்று எப்படித் தெரியும்?
– வாசகி, யாழ்ப்பாணம்

பத்து மடங்கு லென்ஸும் சாய்த்துப் பிடித்த டார்ச்சும் இருந்தால் பாதி விடை கிடைக்கும். வரிசையாகப் பாருங்கள்.

முதலில் துளையின் வாய். பழங்காலத்தில் பெரும்பாலும் ஆணியையோ கூர்முனையையோ வைத்து அடித்தார்கள். அடித்த பக்கம் உள்வாங்கியிருக்கும். மறுபக்கம் உலோகம் பிதுங்கி உதடு கட்டியிருக்கும். சில சமயம் உதட்டைச் சுத்தியால் தட்டி மட்டமாக்கியிருப்பார்கள், அப்போது அதைச் சுற்றி எழுத்து நசுங்கியிருக்கும். ஆணி சதுரமாக இருந்தால் துளையும் சதுரம். இன்றைய டிரில் இட்ட துளை நல்ல வட்டம், சுவர் செங்குத்து, உள்ளே திருகு வரிகள். வில்லால் சுழற்றும் துளைப்பான் பழங்காலத்திலும் இருந்தது; ஆகவே வட்டமாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

அடுத்து சுவரின் நிறம். காசின் முகத்தில் இருக்கும் களிம்பு அதே நிறத்தில், அதே தடிப்பில் துளைக்குள் இறங்க வேண்டும். முகம் கரும்பச்சையாக இருந்து, துளைச்சுவர் மட்டும் பளிச்சென்றோ ஒரே சீரான கறுப்பாகவோ இருந்தால் புதுசு. கறுப்பு, கந்தகம் போட்டு ஏற்றிய கறுப்பாக இருக்கும்.

மூன்றாவது தேய்மானம். கயிற்றிலோ கம்பியிலோ பல காலம் தொங்கிய காசில் துளையின் மேல்விளிம்பு, அதாவது காசின் ஓரத்தை ஒட்டிய பக்கம், வழவழப்பாகி மேல்நோக்கி நீண்டிருக்கும். சிலவற்றில் அறுந்தே போய், பக்கத்தில் இரண்டாவது துளை போட்டிருப்பார்கள். அது சேகரிப்பாளனுக்கு விருந்து.

நான்காவது, துளை நிற்கும் இடம். மன்னர் தலைக்கு நேர் மேலே இருந்தால் தலை நிமிர்ந்து தெரியத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பின்பக்கத்து உருவத்துக்கு மேலே இருந்தால் அணிந்தவருக்கு மன்னர் முக்கியமில்லை, தெய்வமோ சின்னமோதான் முக்கியம். நட்டநடுவில் இருந்தால் நகை அல்ல. எதிலோ அறைந்தோ கோத்தோ வைத்த காசு.

எடை இதற்கு உதவாது. இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள வெள்ளிக்காசில் இரண்டு மில்லிமீட்டர் அகலத் துளை டிரில் செய்தால் போவது 0.065 கிராம்தான். ஆணியால் அடித்திருந்தால் அதுவும் போகாது.

பழைய துளை என்று உறுதியானாலும் 'ரோமர் காலம்' என்று எழுதிவிடாதீர்கள். பால்கன் நாடுகளிலும் துருக்கியிலும் பெண்கள் தலையணியிலும் மாலையிலும் கிடைத்த பழங்காசை எல்லாம் துளைத்துக் கோத்திருக்கிறார்கள். அந்தத் துளைக்கு 150 வயது இருக்கலாம். அதில் மண்களிம்பு இருக்காது, கைபட்ட வழவழப்பு மட்டும் இருக்கும்.

பழங்காலத்திலேயே துளைத்ததற்கும் சான்று உண்டு. நான்காம் நூற்றாண்டு இறுதியில் அந்தியோக்கியாவில் (இன்றைய துருக்கியில்) கிறிஸ்தவ போதகர் ஜான் கிறிசோஸ்தம், மாசிடோனியா அலெக்சாண்டரின் வெண்கலக் காசைத் தலையிலும் காலிலும் கட்டிக்கொள்கிறவர்களைக் கண்டித்தார். ஆங்கிலோ-சாக்சன் கல்லறைகளில் ரோமக் காசு துளையோடு கிடைக்கிறது. இன்றைய உக்ரைன் பகுதியில் மூன்றாம், நான்காம் நூற்றாண்டில் ரோமத் தங்கக்காசையும் அதன் நகலையும் தலைக்கு மேலே துளைத்து அணிந்தார்கள்; அங்கே கள்ளமும் துளையும் ஒரே காசில் சேர்ந்துவிடுகின்றன. ஃபூரே காசில் துளை இருந்தால் இன்னும் நல்லது. துளைச்சுவரில் செம்பையும் மேலே வெள்ளி வரியையும் குறுக்குவெட்டாகவே பார்த்துவிடலாம்.

இந்தியாவில் கிடைத்த ரோமத் தங்கக்காசுகளில் இரட்டைத் துளையும் முகத்தின்மேல் வெட்டும் ஏன்? கரூர் ஆற்றுமணலில் கிடைக்கும் காசை வாங்கலாமா?
– வாசகர், புதுக்கோட்டை

இரட்டைத் துளை இந்திய அடையாளம். ஒற்றைத் துளையில் தொங்கும் காசு சுழன்று பின்பக்கம் காட்டும். தலைக்கு மேலே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு போட்டுக் கோத்தால் முகம் முன்னாலேயே நிற்கும். ஆந்திரப் பகுதியில் கிடைத்த தங்கக்காசுகளிலும் அவற்றின் உள்ளூர் நகல்களிலும் இது உண்டு. தங்கம் கட்டுபடியாகாதவர்களுக்காக, டைபீரியஸ் காசைக் களிமண்ணில் பதித்துச் சுட்ட பதக்கங்கள் தெலங்கானாவின் கொண்டாப்பூரில் கிடைத்திருக்கின்றன.

உங்கள் மாவட்டப் புதையல் இன்னொரு ரகம். 1898இல் கிடைத்த 501 ஆரியஸ் தங்கக்காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு விழுந்திருக்கிறது. கடைசிக் காசு பேரரசர் வெஸ்பாசியன் காலத்தது. தங்கம் உள்வரை தங்கம்தானா என்று சோதிப்பதற்கு ஒரு குத்து போதும், முகத்தைச் சிதைக்க வேண்டியதில்லை. இனி இதைக் காசாகச் செலுத்த முடியாது, உலோகமாகத்தான் எடை போட வேண்டும் என்று ஓர் அதிகாரம் முடிவு செய்து வெட்டியது என்ற விளக்கமே எங்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கரூர், மதுரையில் கிடைக்கும் சிறிய, தேய்ந்த பிற்கால ரோமச் செம்புக் காசுகளில் உள்ளூர் நகல்களும் கலந்திருக்கின்றன. இலங்கையில் அவை இன்னும் அதிகம். ஆனால் ஆற்றில் பொறுக்கியவரிடம் வாங்காதீர்கள். மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். உரிமமுள்ளவரிடம் ரசீதோடு வாங்குங்கள்.

ஃபூரே காசின் உடைப்பில் வெளிர்பச்சைப் பொடி வருகிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, சென்னை

புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். தகட்டுக்கு அடியில் செம்பு பாதி அரித்து, அந்த அரிப்புப் பொருள்தான் தகட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும். அமிலம் அதைக் கரைத்தால் தகடு குழிந்து உள்ளே விழும். மின்பகுப்பும், அதிர்வலைத் தொட்டியும் இதே காரணத்தால் கூடாது.

உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரமும் காற்றும் பட்டால் அரித்துக்கொண்டே போகும் நோய் இது. வெள்ளியும் செம்பும் தொட்டுக்கொண்டிருப்பதால் ஈரத்தில் ஒரு சிறு மின்கலமே உருவாகி, செம்பு இன்னும் வேகமாகக் கரையும். சென்னைக் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். சாதாரணக் களிம்பா நோயா என்று சந்தேகமிருந்தால், மூடும் டப்பாவில் ஈரப்பஞ்சு ஒன்றை வைத்து, பஞ்சு படாமல் காசை இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். புதிதாக வெளிர்பச்சைப் புள்ளி பூத்தால் நோய்தான்.

பொடியை மூங்கில் பல்குச்சியால், லென்ஸில் பார்த்தபடியே, தகட்டின் ஓரத்தைத் தொடாமல் எடுங்கள். கொப்புளத்தை அழுத்தாதீர்கள், வெடிக்கும். பிறகு அசிட்டோனில் ஊறவைத்து உலர்த்துங்கள். முழுச் செம்புக் காசானால் சோடியம் செஸ்குவிகார்பனேட் 5 சதவீதக் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைக்கும் பழைய முறை உண்டு. ஃபூரேக்கு அத்தனை நாள் ஈரம் ஆபத்து. அதற்குப் பதில், செம்பு அரிப்பைத் தடுக்கும் பென்சோடிரையசோலை எத்தனாலில் 3 சதவீதம் கரைத்து ஒரு நாள் வைக்கலாம். அது உடம்புக்கு ஆகாத பொருள். கையுறை போட்டு, ஜன்னல் திறந்து வேலை செய்யுங்கள். உலர்ந்தபின் நுண்படிக மெழுகு ஒரு பூச்சு.

இதெல்லாம் செய்தாலும் காற்றில் ஈரம் இருந்தால் திரும்ப வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று ஒரு சிறு மானியால் பாருங்கள். பிவிசி உறை வேண்டவே வேண்டாம், அது பிசுபிசுத்துப் பச்சை ஏற்றும். மைலார் உறை, அமிலமற்ற காகித உறை இரண்டும் நல்லவை.

துளையை அடைத்து முழுக்காசு என்று விற்பதாகச் சொல்கிறார்கள். இன்றைய போலியைப் பழைய போலி என்று விற்பதும் உண்டா?
– வாசகர், டொரண்டோ

இரண்டும் உண்டு. அடைத்த துளையைப் பெரும்பாலும் தலைக்கு மேலே, ஓரத்தை ஒட்டித் தேடுங்கள். அந்த இடத்தில் மட்டும் நிறம் மாறியிருக்கும், எழுத்து ஒன்று பக்கத்து எழுத்துகளைவிடக் கூர்மையாக இருக்கும், லென்ஸில் வட்டமாக மயிரிழைக் கோடு தெரியும். ஒரு பக்கம் சுத்தமாக மறைத்திருந்தாலும் மறுபக்கம் காட்டிக்கொடுக்கும். தொங்கவிடக் காது (வளையம்) வைத்திருந்து அறுத்தெடுத்த காசில் ஓரத்தில் பற்றாசுக் கறையும் அரம் போட்ட தடமும் நிற்கும்.

போலிக்குப் போலி செய்கிறவர்கள் மின்முலாம் பூசுகிறார்கள். மின்முலாம் வணிகத் தொழிலானது 1840களில்தான். அது எல்லா இடத்திலும் ஒரே மென்மையில், பிளவுகளுக்குள்ளும் நுழைந்து படியும். தகட்டின் கனமோ மடிப்போ இருக்காது. உள்செம்பில் மண்ணில் கிடந்த அரிப்பும் இருக்காது. பழைய கள்ளர்களுக்கும் தனி மதிப்பு உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் பதுவாவின் கவினோ ரோமக் காசு பாணியில் செய்த வெண்கலங்களைத் தனியாகச் சேர்க்கிறார்கள். 1830இல் இறந்த ஜெர்மன் போலிக்காசுக்காரர் பெக்கர், தாம் அடித்த காசுகளை இரும்புத் துருவலோடு பெட்டியில் போட்டு, வண்டியில் கட்டிக் குலுக்கிப் பழசாக்கினார் என்று சொல்வார்கள்.

சேகரிப்பில் இவற்றை எப்படிப் பதிவது? போலிக்குப் பட்டியல் எண் கிடையாதே?
– வாசகர், சேலம்

அசலின் எண்ணைத் தேடி, முன்னால் 'நகல்' என்று எழுதுங்கள். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் இலவச இணையப் பட்டியலில் பேரரசுக் காலக் காசுகள் அனைத்துக்கும் எண் உண்டு. கலப்பு ஜோடியானால் இரு பக்கத்துக்கும் தனித்தனி எண். அதன்பின் எடை, விட்டம், அடர்த்தி, அச்சுத் திசை. முன்பக்கத்தை நிமிர்த்திப் பிடித்து, மேலும் கீழும் இடம் மாறாமல் பக்கவாட்டில் திருப்பினால், பின்பக்கத்து உருவத்தின் தலை எந்த மணியைப் பார்க்கிறது என்பதே திசை. உடைப்பு எங்கே, துளை எந்த மணியில், எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது, சுவரில் களிம்பு உண்டா என்பதையும் எழுதுங்கள். யாரிடம், எந்த ஆண்டு வாங்கியது என்பதையும் விடாதீர்கள். உதாரணத்துக்குக் கற்பனையான ஒரு காசு:

டைபீரியஸ் தெனாரியஸ், பின்பக்கம் அமர்ந்த பெண். நகல், ஃபூரே. 2.91 கிராம், 18 மி.மீ., அடர்த்தி பார்க்கவில்லை (தகடு கிழிந்தது), திசை 4 மணி. தகடு முகவாயிலும் 7 மணி விளிம்பிலும் கிழிசல். துளை 12 மணியில், முன்பக்கத்திலிருந்து அடித்தது, உள்ளே களிம்பு உண்டு, மேல்விளிம்பு தேய்வு.